சக்கரத் தேர்வுக் குழுவும் என் சகலையும்

என் சகலை அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். நான் வழக்கமாக உட்காரும் பாறைதான். எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் வாசலிலிருந்து சுடும் மேடைக்கு முக்கால் கிலோமீட்டர். முன்பு கல் உடைத்த நிலம். இடையில் இரண்டு பள்ளங்கள், காலடியில் உருளுகிற சரளை, ஆள் பார்த்துக் காலைப் பிடிக்கும் முட்செடிகள். பாறை முதல் பள்ளம் தாண்டியதும் இருந்தது. அதற்கு மேல் என்னால் ஒரே மூச்சில் போக முடிந்ததில்லை.

நான் சுமந்தவை: பெட்டியோடு ரைபிள், படுத்துச் சுடுவதற்கான தடித்த பாய், தொலைநோக்கி, அதன் முக்காலி, தோட்டாப் பெட்டி, தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் விறைத்த கேன்வாஸ் கோட்டு, தண்ணீர். மொத்தம் இருபத்தெட்டு கிலோ. பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே நடையில் கொண்டுபோனால் முதுகு போகும்; இரண்டு நடையாகக் கொண்டுபோனால் காலைப்பொழுது போகும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கை நடுங்காது. ஆனால் அந்தச் சுமையோடு அந்த நிலத்தைக் கடந்து வந்து படுத்தால், நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் துப்பாக்கி முனை ஏறி இறங்கும். முதல் ஐந்து தோட்டா எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது.

சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், குளியலறைக் குழாய்கள் விற்பவர். சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவருடைய விண்ணப்பத்தில் ‘நல்லவர், பொறுமைசாலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு அங்கே பதினோரு வருஷம்.

வண்டிக்கு மூன்று சக்கரம். ஒவ்வொன்றும் பரங்கிக்காய் மாதிரி உப்பிய காற்று டயர். நல்ல ஆரஞ்சு நிறம். கல்லையெல்லாம் அது ஏறி இறங்கி வந்த விதத்தைப் பார்த்தால் கல் இருப்பதே அதற்குத் தெரியவில்லை போலிருந்தது.

“என்ன சகல, இங்கயே உக்காந்துட்டீங்க? உடம்புக்கு முடியலையா?”

“காத்து வாங்கறேன்.”

“வாங்குங்க, வாங்குங்க. நான் முன்னாடி போய் உங்களுக்கும் எடம் பிடிச்சு வைக்கறேன்.”

சீட்டியடித்துக்கொண்டு போனார். வண்டியில் அவருடைய சாமான்களுக்கு மேலே ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. வண்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த நாற்காலியைப் பார்த்ததும்தான் அடிவயிற்றில் பற்றிக்கொண்டது.

அன்றைக்கு அவர் தொண்ணூற்று நான்கு புள்ளி. நான் தொண்ணூறு. ஐந்து மாதத்தில் சங்கங்களுக்கிடையிலான போட்டி. அணிக்கு நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் எனக்கா அவருக்கா என்பதுதான் பாக்கி.

வீட்டுக்குள் நுழைவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

“தங்கச்சி பேசினா,” என்றாள் மனைவி. “அவ வீட்டுக்காரர் ஏதோ வண்டி வாங்கியிருக்காராமே. ஆரஞ்சுக் கலராம்.”

“கலரெல்லாம் நான் கவனிக்கல.”

“நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்களேன். வாராவாரம் உங்க முதுகுக்குத் தைலம் தேச்சு என் தோள்பட்டை கழண்டு போச்சு.”

வாங்குவதென்று முடிவு செய்தேன். அதுவும் அவருடையதைவிட நல்லதாக. எட்டு நாள் மதிய இடைவேளையில் சந்தைக்குப் போய், சுமை இழுப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்ததைக் கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்தேன். சின்னச் சக்கரம் கல்லில் மாட்டும், பெரியது ஏறிப் போகும். ரப்பர்க் கட்டை டயர் அதிரும், காற்று டயர் அதிராது. ரொம்ப அகலமான வண்டி இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கும். கனமான பெட்டி அடியில், சக்கரத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கைப்பிடி இடுப்பு உயரத்துக்கு வராவிட்டால் முதுகுக்கு ஒரு லாபமும் இல்லை.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு நேரே கடைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘நம் வளாகத்துக்குள் சிலர் சக்கரம் வைத்த வண்டிகளைக் கொண்டுவருகிறார்கள். இதற்கு அனுமதி உண்டா என்று தெரிவிக்கவும்.’ விதியைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டும்போது உறையை நக்கிய வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்தது.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி. ஒன்று விதிகளைப் படிக்க, இன்னொன்று ஆட்களைப் பார்க்க. இரண்டுக்கும் நான்தான் லென்ஸ் தேய்த்தேன். முதல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“விதி நாப்பத்தொண்ணு. செயற்குழு அனுமதி இல்லாம சக்கரம் உள்ள எதையும் வளாகத்துக்குள்ள கொண்டுவரக் கூடாது.”

“எதுக்காக அப்படி ஒரு விதி?”

“அது யாருக்கும் தெரியாது. அதனாலதான் அதைத் தொட யாருக்கும் தைரியம் வரல.”

“அப்ப என் சகலை கொண்டு வர்றாரே?”

கண்ணாடியை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அவர் கேக்கலியே. கேக்காத ஆளுக்கு நாங்க எப்படி மறுக்க முடியும்? நீங்க கேட்டுட்டீங்க. கேட்டா விதி ஆரம்பிச்சிடும்.”

“கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

“அதுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு. ஆனா அதைக் குழு கூடித்தான் பரிசீலிக்கணும். குழு கூடினா முதல்ல வந்த கடிதத்தைத்தான் எடுக்கும்.”

இப்படியாக என் கடிதத்தின் பேரில் சக்கரத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழு முடிவு சொல்லும்வரை, அனுமதி கேட்டவர்கள் வண்டி கொண்டுவரக் கூடாது என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கேட்டவன் நான் ஒருவன்தான். சங்கத்திலேயே வண்டி இழுத்து அனுபவம் உள்ளவர் என்ற முறையில் என் சகலையைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தார்கள்.

“எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் சகல,” என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். கூச்சப்படும்போது பார்க்க இன்னும் நல்லவராக இருந்தார். அது வேறு எரிச்சல்.

குழுவுக்குச் சங்கத் தலைவரே தலைமை. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்தத் துறையில் இருந்தீர்கள் என்று கேட்டால் “பல துறை” என்பார். காரில் பின்பக்கத் தார்ச்சாலை வழியாக வந்து சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் இறங்குவார். சுடும் மேடைக்கு அவர் நடந்து போய் யாரும் பார்த்ததில்லை. முதல் கூட்டத்தில், மனுதாரர் என்ற முறையில், கதவோரம் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.

“நமக்கு வண்டி வேணுமா வேணாமாங்கறது கேள்வி இல்லை,” என்று ஆரம்பித்தார் தலைவர். “கேள்வி என்னன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தக் குழு. நான் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்ல இருந்தேன். ஒரு தடவைகூட அவசரப்பட்டுப் பதில் சொன்னதில்லை. நான் பதில் சொல்றதுக்குள்ள கேட்டவங்களே ரிட்டயர் ஆயிடுவாங்க. அதனால என்மேல ஒரு புகார்கூடக் கிடையாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் என் கடிதத்தின் தொடர்ச்சியாக நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கையில் எடுத்தார்.

“‘கரடுமுரடான தரை’ன்னு எழுதியிருக்கீங்க. கரடா, முரடா, ரெண்டுமா?”

“கல்லுங்க ஐயா. கல்லும் பள்ளமும்.”

“பாத்தீங்களா, இப்ப மூணாவதா ஒண்ணு சொல்றார். மாதிரி இல்லாம எதையும் நம்ப முடியாது.”

வாசலிலிருந்து மேடை வரை நூறு அடிக்கு ஒரு கல் வீதம் இருபத்தைந்து கற்கள், எடுத்த இடம் எழுதிய சீட்டோடு, தனித்தனிப் பையில், நான் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் பொறுக்கினேன். நிறுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு கிலோ. வண்டி இல்லாததால் தோளில் சுமந்து, கூட்ட அறை மாடியில் இருந்ததால் மாடிக்கும் ஏற்றினேன். மேஜைமேல் வரிசையாகப் பரப்பினேன். தலைவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“இது வழவழன்னுல்ல இருக்கு.”

“ஐயா, அது உங்க பேப்பர் வெயிட்டு,” என்றார் என் சகலை மெதுவாக.

தலைவர் தப்பு செய்ததாக நடவடிக்கைக் குறிப்பில் எழுத முடியாது. ஆகவே பேப்பர் வெயிட்டு இருபத்தாறாவது மாதிரியாகப் பதிவானது. ‘தரை பகுதி வழவழப்பானது’ என்று முடிவும் எழுதினார்கள். அன்றைக்குச் சகலையின் சமயோசிதத்தைத் தலைவர் தனியாகப் பாராட்டினார்.

அடுத்தது வண்டிச் சோதனை. பயணப் பெட்டிக் கடை வைத்திருக்கும் ஒருவரைச் சக்கர நிபுணர் என்று அழைத்து வந்தார்கள். அவர் மூன்று வண்டி கொண்டுவந்தார். ஒன்று விமான நிலையத்தில் பெட்டி இழுப்பது போல் குட்டிச் சக்கரம் இரண்டு வைத்தது. ஒன்று தோட்டத்தில் மண் அள்ளுகிற நான்கு சக்கரம். மூன்றாவது சகலையுடையது போலவே மூன்று சக்கரம், ஆனால் பச்சை நிறம். சோதனை சங்கத்தின் பெரிய ஹாலில், கம்பளத்தின்மேல் நடந்தது. சாமான்கள் கெட்டுவிடக் கூடாதென்று காலிப் பெட்டிகளை ஏற்றினார்கள். மூன்று வண்டியும் பிரமாதமாக ஓடின.

“ஐயா, கல்லு மேல ஓட்டிப் பாக்கணும்,” என்றேன்.

இது நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். என் இருபத்தைந்து கற்களையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கம்பளத்தின்மேல் கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக வைத்தார்கள். குட்டிச் சக்கர வண்டி இரண்டாவது கல்லில் மாட்டித் தலைகுப்புற விழுந்தது. கல் சரியான இடத்தில் வைக்கப்படவில்லை என்று நிபுணர் ஆட்சேபித்தார். கற்களை ஓரமாக நகர்த்தியதும் வண்டி தேறியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. முக்காலியிலிருந்து எழுந்தேன். “சின்னச் சக்கரம் கல்லுல மாட்டத்தான் செய்யும். பெரிய சக்கரம் வேணும், காத்து டயரா இருக்கணும், கைப்பிடி இடுப்புக்கு வரணும்...”

“மனுதாரர் பேசறதுக்கு விதியில இடமில்லை,” என்றார் செயலாளர்.

என் சகலை கையைத் தூக்கினார். “சகல சொல்றதுதான் சரிங்க. பெரிய சக்கரம், காத்து டயர், இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி.”

“அருமை,” என்றார் தலைவர். “அனுபவம் பேசுது. எழுதிக்கங்க.”

அதற்கு ‘சகலை அளவுகோல்’ என்று பெயர் வைக்கவில்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. சந்தையில் எட்டு நாள் வெயிலில் நின்று நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவர் பெயரில் குறிப்பேட்டில் ஏறியது. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, “உங்க பேரைச் சொல்லித்தான் சகல ஆரம்பிச்சேன், அவங்கதான் விட்டுட்டாங்க,” என்றார். உண்மைதான். சொல்லித்தான் ஆரம்பித்தார். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு செய்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாசலில் அவருடைய வண்டி நிழலில் நின்றிருந்தது. அவர் முகம் கழுவப் போயிருந்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி ஸ்குரு டிரைவரை எடுத்தேன். மூன்று டயரிலும் வால்வை அழுத்திப் பாதிக் காற்றை விட்டுவிட்டேன். காற்று வெளியே வரும் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு பாறைமேல் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். வந்தார். முன்பெல்லாம் கல்லில் துள்ளித் துள்ளி வந்த வண்டி அன்றைக்குப் பூனை மாதிரி வந்தது. தளர்ந்த டயர் ஒவ்வொரு கல்லையும் அமுக்கி அணைத்துக்கொண்டு போனது. தண்ணீர் பாட்டில்கூட ஆடவில்லை.

“காத்து கொஞ்சம் எறங்கியிருக்கு சகல. ஆனா பாருங்க, மெத்தை மேல போற மாதிரி இருக்கு.”

அவர் தொண்ணூற்றாறு சுட்டார். நான் எண்பத்தெட்டு. அந்த வாரமே அவர் அதைக் குழுவில் சொல்ல, ‘அரைக் காற்றுக் கொள்கை’ என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. கண்டுபிடிப்பாளர் என்று அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். கைதட்டாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

இறுதிச் சோதனை நிஜ நிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று கடைசியில் தலைவரே சொன்னார். ஒரு முக்கிய விருந்தினரைத் தலைமை தாங்க அழைத்திருந்தார். விருந்தினரைக் கல்லிலும் முள்ளிலும் நடக்க வைக்க முடியுமா? இரண்டு நாளைக்கு முன் ஒரு ரோடு ரோலர் வந்தது. என் பாறையைப் பெயர்த்தார்கள். இரண்டு பள்ளத்தையும் நிரப்பினார்கள். வாசலிலிருந்து மேடை வரை செம்மண் போட்டு அழுத்தினார்கள். பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி ஆயிற்று.

சோதனை நாளன்று தலைவர் ஒலிபெருக்கியில் அறிக்கையை வாசித்தார்.

“மூணு மாசம் உழைச்சோம். பதினாலு கூட்டம் போட்டோம். இருபத்தாறு மாதிரி ஆராய்ஞ்சோம். குழுவோட முடிவு இதுதான். நம்ம வளாகத்துல கரடுமுரடான தரையே இல்லை. அதனால வண்டி தேவையில்லை. அதோட, சக்கரம் பட்டா புதுத் தரை கெட்டுப்போகும். ஆகவே இன்னிலேர்ந்து கேட்டவங்க, கேக்காதவங்க யாருமே சக்கரம் கொண்டுவரக் கூடாது. ஒரு பிரச்சினையைத் தீர்க்கறது சுலபம். அது இல்லாமலே பண்றதுதான் நிர்வாகம்.”

விருந்தினர் ஆமோதித்தார். சகலை தன் ஆரஞ்சு வண்டியை மடக்கிக் காருக்குள் வைத்தார். எனக்கு இனிப்புச் சாப்பிட்டது போலிருந்தது. முகத்தில் தெரியக் கூடாதென்று கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டேன்.

அணித் தேர்வு அடுத்த வாரம். தரை சமமாகிவிட்டாலும் முக்கால் கிலோமீட்டர் முக்கால் கிலோமீட்டர்தான். வண்டி வந்த பிறகு சகலைக்குச் சுமக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நான்கு இடத்தில் பெட்டியைக் கீழே வைத்து நின்றார். நான் பதினோரு வருஷமாகச் சுமந்தவன். நான் தொண்ணூற்றைந்து, அவர் எண்பத்தொன்பது. நான்காவது இடம் எனக்குக் கிடைத்தது. அவர்தான் முதலில் வந்து கைகொடுத்தார். அவர் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

போட்டி வேறொரு சங்கத்தின் திடலில். அங்கே வாசலிலிருந்து மேடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல், எங்கள் பழைய நிலத்தைவிட மோசம். அந்தச் சங்கத்து ஆட்கள் குழந்தை வண்டி, கல்யாண மண்டபத்து நாற்காலி அடுக்கும் வண்டி, கொத்தனாரின் ஒற்றைச் சக்கர வண்டி என்று கைக்குக் கிடைத்ததில் சாமானைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“இதுக்கெல்லாம் யார் அனுமதி தர்றாங்க?” என்று வாசலில் நின்றவரைக் கேட்டேன்.

“எதுக்கு?” என்றார் அவர்.

எங்கள் செயலாளர் முன்கூட்டியே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். சங்கச் சின்னம் அணிந்தவர் எங்கிருந்தாலும் விதி நாற்பத்தொன்று பொருந்தும். மற்ற மூன்று பேரும் சுமந்துகொண்டு முன்னால் போய்விட்டார்கள். இருநூறு அடி போனதும் என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்தார். வண்டியில் அந்த மடக்கு நாற்காலி மட்டும்தான் இருந்தது.

“வைங்க சகல.”

“விதி இருக்கே.”

“நான் அணியில இல்ல, சின்னமும் குத்தல. என் வண்டி எங்க வேணாப் போகும். அதுல என்ன இருக்குன்னு யார் பாக்கப் போறாங்க?” பெட்டியை அவரே தூக்கி வைத்தார். பாயை, முக்காலியை, கோட்டை. நாற்காலியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், “ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார். “நீங்க அவ்வளவு சுமையையும் தூக்கிட்டு வந்து தொண்ணூறு சுடுவீங்க. எனக்கு அதைப் பாத்தா வயிறு எரியும். அதான் வண்டி வாங்கினேன்.”

ஸ்குரு டிரைவர் விஷயம் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்றைக்கு நான் தொண்ணூற்றேழு சுட்டேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு சுட்டதில்லை. எங்கள் அணி இரண்டாவதாக வந்தது.

திரும்பி வந்த நான்காம் நாள் எனக்கு நோட்டீஸ் வந்தது. என் சாமான்கள் சக்கரத்தின்மேல் போனதாக அணித்தோழர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நிரூபணமானால் புள்ளிகள் ரத்து, உறுப்பினர் பதவியும் ரத்து. விசாரணைக் குழுவில் அதே தலைவர், அதே செயலாளர், அதே முக்காலி. சாட்சி என் சகலை.

“இவர் உங்க வண்டியில சாமானை ஏத்தினாரா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்லைங்க,” என்றார் சகலை, ஒரு நொடிகூட யோசிக்காமல். “அவர் ஏத்தல.”

எழுத்துக்கு எழுத்து உண்மை. தூக்கி ஏற்றியது அவர்தானே. தலைவர் அவர் முகத்தையே பார்த்தார்.

“நாலாவது இடத்துக்கு உங்களோட போட்டி போட்டவர் இவர். இவரை மாட்டிவிடற வாய்ப்பு கையில இருந்தும் உண்மையைச் சொல்றீங்க. இந்த மாதிரி ஆள்தான் நிர்வாகத்துக்கு வேணும்.” அங்கேயே, அப்போதே, அவரைத் துணைச் செயலாளராக நியமிக்க முன்மொழிந்தார். செயலாளர் வழிமொழிந்தார். என்மேல் இருந்த புகாரைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு நினைவு வந்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காற்று விஷயம் நீங்கலாக. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? அவருக்குத்தான் பதவி குடுத்துட்டாங்களே.”

“நல்ல மனுஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பாத்துட்டு வந்தேன்,” என்றேன். “வாய் கசக்குது. இன்னும் நாலஞ்சு தடவை சொன்னாத்தான் பழகும்.”